பேசாத கணினியைப் பேச வைத்தல்



வீட்டிலே ஒரு மேசைக் கணினி இருக்கிறது. நேற்றுவரை பாடியது, பேசியது. இன்று காலையில் திறந்து பார்த்தால் திரை தெரிகிறது, விசைப்பலகை வேலை செய்கிறது, சுட்டி நகர்கிறது; ஆனால் ஒலி மட்டும் இல்லை. மூலையில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கணினி மௌன விரதம் பூண்டுவிட்டது. உடனே நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளையும் எதையோ இறக்குகிறான், எதையோ நிறுவுகிறான், ‘முடிந்தது’ என்கிறான். ஒலி வரவில்லை. பிறகு கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். இந்த வழக்கமான கதையைப் பற்றித்தான் இன்று பேச எண்ணியுள்ளோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒலி வராததற்குக் காரணமாகப் பலரும் சொல்லும் சொல் ‘டிரைவர்’ என்பது. தமிழில் இதனை ‘இயக்கி’ என்கிறோம். காரோட்டியைப் போன்ற ஒன்று என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. அவ்வளவு பொருத்தமான உவமை அன்று. நம் நாட்டுத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தோட்டத் துரை ஆங்கிலம் பேசுவார். பால்மரம் வெட்டுகிறவர்கள் தமிழ் பேசுவார்கள். இருவருக்கும் நடுவே ஒரு கிராணி நிற்பார். துரை சொன்னதைத் தொழிலாளிக்கும், தொழிலாளி சொன்னதைத் துரைக்கும் எடுத்துச் சொல்வது அவர் வேலை. கிராணி வராத நாளில் துரை எவ்வளவு உரக்கக் கத்தினாலும் வேலை நடவாது. இயக்கி என்பது இந்தக் கிராணிதான். விண்டோஸ் போன்ற இயங்குதளம் துரை. தாய்ப்பலகையில் ஒட்டியிருக்கும் ஒலிச் சில்லு தொழிலாளி. இருவர் மொழியும் அறிந்த சிறு நிரல்தான் இயக்கி. ஆகவே ஒலி நின்றுபோனால் தொழிலாளி இறந்துவிட்டார் என்று முடிவு கட்டக் கூடாது. கிராணி விடுப்பில் போயிருக்கலாம். அல்லது வேறு தோட்டத்துக் கிராணி வந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பேராக் மாநிலத்தில் ஒரு சிற்றூர். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், எமக்கு நெடுங்காலம் பழக்கமானவர். அவருடைய தந்தையார் ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடுவதற்குக் கொண்டுசெல்லப்பட்டு, உயிரோடு திரும்பி வந்தவர்களில் ஒருவர். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் அங்கே பட்ட பாட்டை அந்தப் பெரியவர் தம் முதுமையில், 1984ஆம் ஆண்டில், மகளிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். மகள் அதனைச் சாதாரணக் கேசட்டு நாடாக்களில் பதிவு செய்து வைத்திருக்கிறார். மொத்தம் 23 நாடாக்கள். வீட்டில் அந்தக் குரலுக்கு வேறு படி கிடையாது.

நாடா என்பது காலப்போக்கில் கெடக்கூடிய பொருள். நம் ஊர் ஈரக்காற்றில் அது பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆசிரியை அவற்றைக் கணினிக்கு மாற்றத் தொடங்கினார். கேசட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து, கணினியின் பின்புறத்தில் உள்ள நீலத் துளையில் செருகி, ஒவ்வொரு நாடாவாக ஓடவிட்டுப் பதிவு செய்தார். 14 நாடாக்கள் முடிந்தன. 2024ஆம் ஆண்டின் இறுதியில், விடுமுறைக்கு வந்த பேரன் ஒருவன், ‘பாட்டி, கணினி மெதுவாக இருக்கிறது’ என்று சொல்லி, எல்லா இயக்கிகளையும் தானாகவே புதுப்பித்துத் தரும் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு நிரலை இறக்கி ஓட்டிவிட்டான். மறுநாள் முதல் ஒலி இல்லை. கடைக்காரரிடம் காட்டினார். ‘வட்டை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட வேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் தாய்ப்பலகை போய்விட்டது என்று பொருள்’ என்றாராம் அவர்.

“தம்பி, அழித்தால் அப்பா குரலும் போய்விடுமா?” என்று தொலைபேசியில் கேட்டார். அந்த 14 பதிவுகளும் அந்த ஒரே வட்டில்தான் இருந்தன.

“டீச்சர், கணினியை யாரிடமும் கொடுக்க வேண்டாம். நாங்கள் வருகிறோம்” என்று சொல்லிப் புறப்பட்டோம்.

அங்கே போனதும் செய்த முதல் வேலை ஒலியைத் தேடியது அன்று. அந்த 14 பதிவுகளையும் ஒரு பென்டிரைவில் படியெடுத்தோம். பிறகு இன்னொன்றில் இன்னொரு படி. நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் என்ற கணக்கில், அறுபது நிமிட நாடா ஒன்றுக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்று மேலே வரும். 14 நாடாவுக்கும் சேர்த்து ஒன்பது கிகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. சில ரிங்கிட்டு விலையுள்ள சிறு பொருளில் அடங்கக்கூடிய ஒன்றைப் பல மாதங்கள் ஒரே இடத்தில் விட்டுவைத்திருந்தார் டீச்சர். அவரைக் குறை சொல்லவில்லை. நாமும் அப்படித்தான் இருக்கிறோம். இயக்கியைத் தொடுவதற்கு முன் படியெடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இனிமேல்தான் ஒலியின் கதை.

ஒலி பல படிகளைக் கடந்து வருகிறது. நிரல் ஒன்று ஒலியை எண்களாகத் தருகிறது. குறுந்தட்டின் கணக்கில் நொடிக்கு 44,100 எண்கள். இயங்குதளம் அதனை வாங்கி இயக்கியிடம் கொடுக்கிறது. இயக்கி, தாய்ப்பலகையில் உள்ள ‘பஸ்’ எனப்படும் பாதையின் வழியாகச் சில்லுக்கு அனுப்புகிறது. சில்லு எண்களை மின்னலைகளாக மாற்றுகிறது. அது பச்சைத் துளை வழியாக வெளியே வந்து ஒலிபெருக்கிக்குப் போகிறது. இதில் எந்த இடத்தில் அறுந்தாலும் விளைவு ஒன்றே: மௌனம். ஆகவே எங்கே அறுந்தது என்று அறியாமல் இயக்கியை மாற்றிக்கொண்டே இருப்பது, தண்ணீர் வரவில்லை என்று தெருக்குழாயைப் பாராமல் வீட்டுக் குழாயை மாற்றிக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

எளியதிலிருந்து தொடங்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு மின்சாரம் உண்டா? அதன் கம்பி பச்சைத் துளையில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். நாமே ஒருமுறை மேசையைத் துடைத்துவிட்டுக் கம்பியை இளஞ்சிவப்புத் துளையில், அதாவது ஒலிவாங்கிக்குரிய துளையில், செருகிவிட்டு, அரை நாள் இயக்கியை நீக்குவதும் போடுவதுமாக இருந்தோம். வீட்டம்மா வந்து கம்பியை மாற்றிச் செருகிய பிறகு நாம் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை, இன்றுதான் சொல்கிறோம்.

அடுத்து, ஒலி வேறு எங்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்காலத்தில் திரையைக் கணினியோடு எச்டிஎம்ஐ என்னும் கம்பியால் இணைக்கிறோம். அந்தக் கம்பி படத்தை மட்டுமன்றி ஒலியையும் சுமக்கும். புதிய திரையை இணைத்ததும், அல்லது படஅட்டைக்குப் புதிய இயக்கி போட்டதும், விண்டோஸ் சில வேளைகளில் ஒலியைத் திரைக்கு அனுப்பத் தொடங்கிவிடும். திரைக்குள் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் நாம் என்ன கேட்போம்? ஒன்றும் கேட்கமாட்டோம். எந்த இயக்கியும் கெடவில்லை. மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தைச் சொடுக்கி, எந்தக் கருவிக்கு ஒலி போகிறது என்று பார்த்து, ‘ஸ்பீக்கர்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் முடிந்தது. ‘இயக்கி கெட்டுவிட்டது’ என்று எம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு இதுதான் மருந்தாக இருந்திருக்கிறது.

டீச்சர் வீட்டில் இவ்விரண்டும் சரியாகவே இருந்தன. தேர்ந்தெடுக்க ‘ஸ்பீக்கர்ஸ்’ என்ற பெயரே பட்டியலில் இல்லை.

அப்போது திறக்க வேண்டிய இடம் ‘டிவைஸ் மேனேஜர்’. விண்டோஸின் தொடக்கப் பொத்தானின்மேல் வலப்பக்கச் சொடுக்குச் சொடுக்கினால் வரும் பட்டியலில் இது இருக்கும். கணினிக்குள் இருக்கும் உறுப்புகள் அனைத்துக்கும் இது ஒரு வருகைப் பதிவேடு. வராதவர்களுக்கும் தகராறு செய்பவர்களுக்கும் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் போடப்பட்டிருக்கும். அதை இருமுறை சொடுக்கினால் ஒரு குறியெண் தெரியும். அந்த எண்ணைப் படிக்காமல் யாரும் எதையும் நிறுவக் கூடாது என்பது எம் கருத்து. மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து கொடுக்கலாமா?

28 என்று இருந்தால் இயக்கியே இல்லை. கிராணி வேலைக்கே வரவில்லை. 10 என்று இருந்தால் இயக்கி இருக்கிறது, ஆனால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 22 என்றால் யாரோ அதை முடக்கி வைத்திருக்கிறார்கள்; மீண்டும் இயக்கிவிட்டால் போதும். 39 என்றால் இயக்கிக் கோப்பு கெட்டிருக்கிறது அல்லது காணாமற்போய்விட்டது. 52 என்றால் இயக்கியின் மின்கையொப்பத்தை விண்டோஸால் உறுதிப்படுத்த முடியவில்லை. 2007ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பு முதல் இந்தக் கையொப்பம் கட்டாயமாகிவிட்டது. எங்கிருந்தோ எடுத்த பழைய இயக்கிகள் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ஒலி உறுப்பு அங்கே எந்தப் பெயரில் தெரிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘ஆடியோ டிவைஸ் ஆன் ஹை டெஃபினிஷன் ஆடியோ பஸ்’ என்ற நீண்ட பெயர் தெரிந்தால் நல்ல செய்தி: பாதை திறந்திருக்கிறது, அதன் முனையில் உள்ள சில்லுக்குத்தான் கிராணி தேவை. ‘மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்’ என்று மட்டும் தெரிந்தால் நிலைமை வேறு. பாதையே இன்னும் அடையாளம் காணப்படவில்லை. பாதை இல்லாத இடத்தில் வீட்டு எண்ணைத் தேடி என்ன பயன்? அப்போது ஒலி இயக்கியை எத்தனை முறை நிறுவினாலும் ‘கருவி காணப்படவில்லை’ என்றே பதில் வரும். முதலில் தாய்ப்பலகையின் ‘சிப்செட்’ இயக்கியை நிறுவ வேண்டும், பிறகே ஒலி. இந்த வரிசையை அறியாமல் இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் பலர். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பெருந்தொல்லையாக இருந்தது. ஹை டெஃபினிஷன் ஆடியோ என்னும் முறையை இன்டெல் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டது. எக்ஸ்பியோ அதற்கு மூத்தது, 2001ஆம் ஆண்டில் பிறந்தது. எனவே புதிய பாதையை எக்ஸ்பிக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தனி இணைப்புக் கோப்பை முதலில் போட வேண்டியிருந்தது.

பழங்கதை என்றால் அதற்கும் முந்திய ஒன்று நினைவுக்கு வருகிறது. நமக்கு அண்டை நாடான சிங்கப்பூரில், சைனாடவுன் பகுதியில் இருந்த பெர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில், 1981ஆம் ஆண்டில் சிம் வோங் ஹூ என்பவர் சிறிய கடை ஒன்றைத் தொடங்கினார். கணினி பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய அது, கிரியேட்டிவ் டெக்னாலஜி என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1989ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலி அட்டை உலகெங்கும் விற்பனையாயிற்று. ‘பீப்’ என்று மட்டும் கத்தத் தெரிந்த மேசைக் கணினிகளுக்குப் பேச்சும் இசையும் கொடுத்த பொருள்களில் அது முதன்மையானது. 1992ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுவே. சிம் அவர்கள் 2023ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காலமானார்.

அந்த அட்டையைப் பொருத்துவது இன்றைய வேலையைவிடக் கடினம். 220 என்ற முகவரி, 5 அல்லது 7 என்ற குறுக்கீட்டு எண், 1 என்ற நினைவக வழி எண் என்று மூன்றையும் அட்டையின்மேல் உள்ள சிறு முட்களில் தொப்பி மாட்டி நாமே அமைக்க வேண்டும். 7ஆம் எண் வழக்கமாக அச்சுப்பொறிக்கு உரியது. ஆகவே ஒலி வந்தால் அச்சுத் தகராறு, அச்சு வந்தால் ஒலித் தகராறு என்று வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். 1995ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 95, உறுப்புகளைத் தானே அறிந்துகொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. அது தொடக்கத்தில் எப்போதும் சரியாக அறிந்துகொள்ளவில்லை என்பது வேறு கதை.

டீச்சர் வீட்டுக்குத் திரும்புவோம். அங்கே தெரிந்த குறியெண் 10. இயக்கி இருக்கிறது, தொடங்கவில்லை.

சில்லே இறந்துவிட்டதா என்பதை இந்த இடத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கடைக்காரர் தாய்ப்பலகையின்மேல் பழி போட்டிருக்கிறாரே! இதற்கு ஓர் எளிய வழி உண்டு, பலர் அறியாதது. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமல், அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். லினக்ஸில் பெரும்பாலான ஒலிச் சில்லுகளுக்குரிய இயக்கிகள் உள்ளேயே அமைந்திருக்கும். அப்படித் தொடங்கி ஒரு பாட்டை ஓடவிட்டோம். பாட்டு வந்தது. டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “உயிர் இருக்கிறது, டீச்சர். விண்டோஸ் பக்கத்தில்தான் கோளாறு” என்றோம். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. தாய்ப்பலகை மாற்றும் செலவு அந்தப் பத்து நிமிடத்தில் மிச்சமாயிற்று. லினக்ஸிலும் ஒலி வராதிருந்தால், கணினி தொடங்கும்போது ‘டெல்’ அல்லது ‘எஃப்2’ விசையை அழுத்தி, பயாஸ் அமைப்பில் ஒலி முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்திருப்போம்.

பிறகு சில்லின் அடையாளத்தைப் பார்த்தோம். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரைத் திறந்து, ‘டீடெயில்ஸ்’ பகுதியில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தால் ஒரு நீண்ட எழுத்துச் சரம் வரும். அதில் ‘வென்’ என்பதை அடுத்து வரும் நான்கு குறிகள் சில்லைச் செய்தவரைக் காட்டும். 10இசி என்றால் தைவானின் ரியல்டெக். 8086 என்றால் இன்டெல். 1978ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரையே தம் அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி. இவ்விரண்டும் பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாகத் திரைக்குப் போகும் ஒலியைக் குறிக்கும். டீச்சர் கணினியில் 10இசி, அதன்பின் 0887. அதாவது ரியல்டெக் ஏஎல்சி887. சாதாரணச் சில்லு, எத்தனையோ தாய்ப்பலகைகளில் உள்ளது.

நடந்தது என்னவென்று இப்போது புரிந்தது. ரியல்டெக் இயக்கிகளில் இரண்டு தலைமுறைகள் உண்டு. பழையது, தனக்குரிய கட்டுப்பாட்டுப் பலகையையும் கூடவே கொண்டுவரும். புதிய தலைமுறையில் இயக்கி தனி. கட்டுப்பாட்டுப் பலகை தனியாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும். பேரன் ஓட்டிய நிரல், பழையதை நீக்காமல் அதன்மேல் புதியதைத் திணித்திருந்தது. ஒரே நாற்காலியில் இரண்டு கிராணிகள். இருவரும் வேலை செய்யவில்லை.

தானாகப் புதுப்பிக்கும் அந்த நிரல்களைப் பற்றி எம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அவை வேண்டியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலி இயக்கியைப் ‘பழையது’ என்று பயமுறுத்தி மாற்றச் சொல்வதே அவற்றின் பிழைப்பு. இயக்கி வேண்டுமானால் தாய்ப்பலகை செய்தவரிடமிருந்து எடுங்கள். தாய்ப்பலகையின் பெயர் தெரியாவிட்டால், விண்டோஸின் தேடுமிடத்தில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ‘பேஸ்போர்டு’ என்ற வரியில் கிடைக்கும்.

நீக்கும் வேலையைத் தொடங்குவதற்குமுன் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டோம். ஏனென்றால் விண்டோஸ், இயக்கி நீங்கியதைக் கண்டதும், நம்மைக் கேளாமல் தானே ஒன்றை இறக்கிப் போட்டுவிடும். அது அதே பழுதான இயக்கியாகவும் இருக்கலாம். நாம் முன்வாசலில் துரத்த, அது பின்வாசலில் வந்து உட்காரும்.

முதலில், நிறுவிய நிரல்களின் பட்டியலில் ரியல்டெக் ஒலி இயக்கியைத் தேடி நீக்கினோம். கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்தோம். இங்கே ஒரு சிறு நுணுக்கம் உண்டு. விண்டோஸ் 8 முதல், ‘ஷட் டவுன்’ கொடுத்து மறுபடியும் திறந்தால் அது முழுத் தொடக்கம் ஆகாது. விரைவாகத் திறப்பதற்காக உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்து, அதையே மீண்டும் எடுத்துக்கொள்ளும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இயக்கி வேலையில் ‘அணைத்துப் போட்டும் பார்த்தேன்’ என்று சொல்பவர்கள் எதை அழுத்தினார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு டிவைஸ் மேனேஜரில் ஒலி உறுப்பை வலப்பக்கச் சொடுக்கால் தொட்டு ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்தோம். அப்போது ஒரு சிறு பெட்டி வரும். இயக்கியையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும். அதில் குறியிட வேண்டும். பலர் இதைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள்; கருவி மட்டும் நீங்கி, இயக்கி உள்ளறையில் அப்படியே இருக்கும். நீக்கியபின் ‘ஸ்கேன் ஃபார் ஹார்ட்வேர் சேஞ்சஸ்’ என்பதை அழுத்தினோம். மறுபடியும் ரியல்டெக் என்றே வந்தது. சோர்ந்துவிடவில்லை. உள்ளறையில் முன்பு போட்ட இன்னொரு படி இருக்கிறது என்று பொருள். மறுபடியும் குறியிட்டு நீக்கினோம். மூன்றாம் முறை ‘ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்’ என்ற பொதுப் பெயர் வந்தது. மஞ்சள் முக்கோணம் இல்லை.

இந்தப் பொதுப் பெயர் கொண்டது, மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கும் இயக்கி. நம் நாட்டில் சந்தைக்குப் போனால் எல்லா இனத்தவரும் பேசுகிறோமே பாசார் மலாய், அதைப் போன்றது இது. இலக்கணம் பார்க்க முடியாது. கவிதை எழுத முடியாது. ஆனால் மீன் வாங்கலாம், காய்கறி வாங்கலாம், விலை பேசலாம். ஒலி வரும், பதிவு ஆகும். பலதிசை ஒலி, துளைகளை மாற்றி அமைத்தல் போன்ற சிறப்பு வசதிகள் இராது. டீச்சருக்கு அவை எதற்கு? ஆகவே அந்தப் பொது இயக்கியோடேயே நிறுத்திக்கொண்டோம். சொல்லப்போனால் நாடாவைப் பதிவு செய்வதற்கு அதுவே மேல். இரைச்சலை நீக்குகிறோம் என்று சில இயக்கிகள் செய்யும் மெருகு வேலை, பழைய நாடாவில் பெரியவர் மூச்சு வாங்கும் இடங்களையும் சேர்த்து நீக்கிவிடும்.

ஒலிபெருக்கியில் ஒலி வந்துவிட்டது. வேலை முடிந்ததென்று எழுந்தோம். பதினைந்தாவது நாடாவைப் போட்டுப் பதிவைத் தொடங்கினார் டீச்சர். கோடு நேராகவே ஓடியது. ஓர் அசைவும் இல்லை!

மறுபடியும் உட்கார்ந்தோம். பதிவுக்குரிய பட்டியலில் ‘லைன் இன்’ என்ற பெயர் இல்லை. பட்டியலின் வெற்றிடத்தில் வலப்பக்கச் சொடுக்குக் கொடுத்து, முடக்கப்பட்ட கருவிகளையும் காட்டச் சொன்னோம். மங்கலாகத் தெரிந்தது. இயக்கினோம். அப்போதும் கோடு நேராகவே ஓடியது. கடைசியில் காரணம் அமைப்புகளுக்குள் ‘பிரைவசி’ என்ற பகுதியில் இருந்தது. நிரல்கள் ஒலிவாங்கியைத் தொடலாமா என்ற அனுமதி அங்கே அணைக்கப்பட்டிருந்தது. பெயர் என்னவோ ‘மைக்ரோஃபோன்’ அனுமதி. ஆனால் அது நீலத் துளை உட்பட எல்லா உள்வரும் ஒலிக்கும் பொருந்தும். மேசைக் கணினி நிரல்களுக்கான அனுமதியையும் அதே பக்கத்தின் கீழே இயக்க வேண்டும். இயக்கியில் பிழையே இல்லாதபோதும் பிழை போலத் தோன்றும் இடம் இது. எமக்கு அரை மணி நேரம் பிடித்தது. நேயர்களுக்கு அது மிச்சமாகட்டும்.

அனுமதியை இயக்கியதும் கோடு அசைந்தது. முதலில் நாடாவின் ‘உஸ்’ என்ற ஓசை. பிறகு ஒரு சேவல் கூவியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோட்டத்து லயத்தில் கூவிய சேவல். அதன்பின் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளைப் பெயர் சொல்லி அழைத்து, “ஓடுதாம்மா?” என்று கேட்டார். நாடா ஓடுகிறதா என்று கேட்கிறார். டீச்சர், இப்போது எழுபதைத் தாண்டியவர், கணினியைப் பார்த்து, “ஓடுதுப்பா” என்றார்.

நாங்கள் இணையக் கம்பியை உடனே செருகவில்லை. எல்லா நாடாக்களும் முடியும்வரை அது வெளியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. ஆகவே பழைய மேசைக் கணினிகளில் புதிய இயங்குதளம் போடுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். ஒலி நின்றுபோன வீடுகளும் கூடவே பெருகியிருக்கின்றன. புதியதை நிறுவுமுன், இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலி இயக்கியின் பெயரையும், சில்லின் அடையாளச் சரத்தையும் ஒரு தாளில் எழுதி, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். வலைப்பின்னல் இயக்கியையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒலி இயக்கியை இறக்குவதற்கு இணையமே இராது.

டீச்சர் எஞ்சிய நாடாக்களில் எட்டை முடித்துவிட்டார். ஒன்றில் மட்டும் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சு உதிர்ந்துவிட்டதால் ஒலி ஏறி இறங்குகிறது. வெற்று நாடா ஒன்றின் கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சுருளை மட்டும் அதற்கு மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறோம். திருகாணி போட்ட கூடாக இருந்தால் எளிது. ஒட்டிய கூடாக இருந்தால் பொறுமை வேண்டும். வருகிற சனிக்கிழமை போகிறோம்.